ஒடுக்கு விழாமல் வண்டியை எங்கே நிறுத்துவது?

கேள்வி: 8 ஜூன் 2024

1994 மாடல் மாருதி 800. ஒரு வருடத்துக்கு மேல் டிங்கரிங், பெயின்ட் என்று அலைந்து இப்போதுதான் முழுசாகக் கைக்கு வந்தது. வந்த மாதமே சென்னையில் ஒரு மாலில் விட்டுவிட்டுப் படம் பார்த்துத் திரும்பினால், இடது பின் கதவில் சொட்டை. பக்கத்தில் நின்ற வண்டியும் இல்லை, ஆளும் இல்லை. "கூட்டமே இல்லாத கடைசி மூலையில் போய் நிறுத்து, பிரச்சினை தீர்ந்தது" என்கிறார் நண்பர். அது போதுமா? ஆபீஸ் ஓ.எம்.ஆரில், பேஸ்மென்ட் பார்க்கிங். வீடு அடுக்குமாடி, தரைத்தளத்தில் தூண்களுக்கு நடுவே இடம்.

8 ஜூன் 2024, இரவு 10.15

போதாது. பல வருடமாக ஒரு பழைய பிரீமியர் பத்மினி கார் வைத்திருக்கிறேன், அதனால் இந்தக் கவலை எனக்கு நன்றாகவே தெரியும்.

கடைசி மூலை என்பது வார நாள் காலையில்தான் கடைசி மூலை. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு எந்த மாலிலும் மூலை என்று எதுவும் மிச்சம் இருக்காது. காலியான இடத்தில் தனியாக விட்டுவிட்டுப் போவோம், திரும்பி வந்தால் இரண்டு பக்கமும் வண்டி நிற்கும். பழைய வண்டி என்றால் அதைப் பார்ப்பதற்காகவே பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறவர்களும் உண்டு. அன்போடு வருகிறவர்கள்தான், ஆனால் அவர்களுடைய வண்டிக்கும் கதவு இருக்கிறதே.

தூரத்தைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் எத்தனை வண்டி நிற்க முடியும் என்று பாருங்கள். நடு வரிசையில் நின்றால் இரண்டு பக்கமும் கதவு. ஒரு பக்கம் சுவர் அல்லது தூண் இருக்கிற இடம் கிடைத்தால் ஆபத்து அப்போதே பாதி. மாலின் வாசலுக்குப் பக்கத்திலேயே அப்படி ஒரு இடம் கிடைத்தாலும் எடுத்துக்கொள்வேன், நடு வரிசையில் தொலைதூரத்தில் நிற்பதைவிட அது மேல்.

9 ஜூன் 2024, காலை 7.30

ராத்திரி படுத்தபின் யோசித்தேன். சுவர் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம், அதை எழுதாமல் விட்டிருந்தேன்.

நம் ஊரில் ஸ்டியரிங் வலது பக்கம். எல்லா வண்டியும் ஒரே திசையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் உட்கார்ந்தபடி, உங்கள் இடது கைப் பக்கம் நிற்கும் வண்டியின் ஓட்டுநர் கதவு உங்களை நோக்கித் திறக்கும். வலது கைப் பக்கம் நிற்கும் வண்டியின் பயணிகள் கதவுகள் உங்களை நோக்கித் திறக்கும். எல்லோரும் ரிவர்ஸில் நிறுத்தினாலும் இதே கணக்குதான்.

இப்போது ஆபீஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஓ.எம்.ஆருக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வண்டியில் தனியாள். ஓட்டுநர் கதவு மட்டும் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, நடுவில் டிபன் டப்பாவையோ லேப்டாப்பையோ மறந்திருந்தால் இன்னும் ஒருமுறை திறக்கும். இடது பக்கத்துக் கதவுகள் நாள் முழுக்கத் திறக்கவே திறக்காது. ஆகவே ஆபீஸில் உங்கள் இடது கைப் பக்கம் சுவரோ தூணோ இருக்கிற இடமாகப் பாருங்கள். வலது பக்கம் யார் நின்றாலும் கவலை குறைவு. சுவரை ஒட்டி நிறுத்தினால் உங்களுக்கும் வலது பக்கம் இறங்க நிறைய இடம் கிடைக்கும்.

மாலில் கதை வேறு. குடும்பமாக வருகிறார்கள். பின்சீட்டில் குழந்தை, பாட்டி, கையில் பை. முன்னால் இடது பக்கத்தில் இருப்பவர் மடியிலும் ஏதாவது இருக்கும். நடைபாதைப் பக்கம் இறங்கிப் பழகியதால் எல்லோரும் இடது கதவு வழியாகத்தான் இறங்குவார்கள். அங்கே உங்கள் வலது கைப் பக்கத்தில் நிற்கும் வண்டிதான் அபாயம்.

உங்கள் சொட்டை இடது பின் கதவில் என்கிறீர்கள். அப்படியானால் பக்கத்து ஓட்டுநர் கதவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 800 சின்ன வண்டி. நீளமான வண்டி ஒன்று அதே கோட்டில் மூக்கை வைத்து நின்றால், அதன் முன்கதவின் விளிம்பு உங்கள் பின் கதவு மேல்தான் வந்து விழும்.

9 ஜூன் 2024, காலை 11.50

"பக்கத்து வண்டி ரிவர்ஸில் நின்று என் வண்டி நேராக நின்றால்?" என்று கேட்டவருக்கு: கணக்கு அப்படியே தலைகீழ். திசையை மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பக்கத்து வண்டியின் ஸ்டியரிங் நம் பக்கம் இருக்கிறதா, எதிர்ப்பக்கம் இருக்கிறதா என்று கண்ணாடி வழியாகப் பாருங்கள். அவ்வளவுதான்.

பார்க்கும்போதே பின்சீட்டையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். குழந்தைகள் சீட், ஜன்னலில் பொம்மை போட்ட வெயில்மறைப்பு, கால்மிதியில் பாப்கார்ன். இவை இருந்தால் அடுத்த இடம் தேடுவேன். குழந்தைகளைக் குறை சொல்லவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்குக் கதவைத் தள்ளத்தான் பலம் இருக்கும், பிடித்து நிறுத்தப் பலம் இருக்காது.

பக்கத்தில் மாருதி ஆம்னியோ ஈகோவோ நின்றால் சந்தோஷமாக நிறுத்துங்கள். பின் கதவு பக்கவாட்டில் நகர்கிற கதவு, வெளியே வீசாது. ஆட்டோவுக்குக் கதவே கிடையாது!

11 ஜூன் 2024, இரவு 9.40

கொஞ்சம் அளவு பேசலாம். 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகளில் ஒரு கார் நிறுத்துமிடம் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். உங்கள் 800-ம் என் பத்மினியும் ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலம். ஒரு இன்னோவா கிரிஸ்டா 1,830 மில்லிமீட்டர், எக்ஸ்.யூ.வி. 700 என்றால் 1,890, ஸ்கார்ப்பியோ-என் 1,917. வண்டிகள் வளர்ந்துகொண்டே போகின்றன, கோடு போட்ட இடம் அப்படியே இருக்கிறது.

எக்ஸ்.யூ.வி. 700 தன் இடத்தில் சரியாக நடுவில் நின்றால் அதன் ஒவ்வொரு பக்கமும் சுமார் 30 சென்டிமீட்டர்தான் மிச்சம். நீங்களும் நடுவில் நின்றால் உங்கள் பக்கம் அரை மீட்டர். மொத்தம் 80 சென்டிமீட்டர் சொச்சம். ஒரு பெரிய வண்டியின் கதவு முழுக்கத் திறந்தால் ஒரு மீட்டருக்கு முன்பின் வெளியே வரும். ஆக, இடிக்கும். இப்போது நீங்கள் நடுவில் நிற்காமல் சுவர்ப்பக்கம் 15 சென்டிமீட்டர் மட்டும் விட்டு ஒட்டிக்கொண்டால், நடு இடைவெளி 1.2 மீட்டருக்குப் போய்விடும். கதவு முழுக்கத் திறந்தாலும் தொடாது!

சின்ன வண்டிக்கு இருக்கும் பெரிய சாதகம் இது. புது வண்டிக்காரர்களால் செய்ய முடியாததை நாம் செய்யலாம். இரண்டு கோட்டுக்கும் நடுவில் அழகாக நிற்க வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். கோட்டைத் தாண்டாதவரை யாருக்கும் தொந்தரவில்லை. இரண்டு இடத்தை அடைத்துக் குறுக்காக நிறுத்துவதை மட்டும் செய்யாதீர்கள். பழைய வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் கெட்ட பெயர். கோபத்தில் சாவியால் கீறுகிறவர்களும் இருக்கிறார்கள், அது ஒடுக்கைவிட மோசம்.

11 ஜூன் 2024, இரவு 10.05

பத்மினிக்கு இன்னொரு வசதி. முன்னால் நீள பெஞ்சு சீட், கியர் ஸ்டியரிங்கில். நடுவில் எதுவும் குறுக்கே இல்லை. வலது பக்கம் சுவரை ஒட்டி நிறுத்திவிட்டு அப்படியே நகர்ந்து இடது கதவு வழியாக இறங்கிவிடுவேன். மாலில் இதுதான் என் வழக்கம். 800-ல் கியரும் ஹேண்ட் பிரேக்கும் நடுவில் இருப்பதால் இது நடக்காது. முட்டியில் அடிபடும், முயற்சி செய்ய வேண்டாம்.

23 ஜூன் 2024

தூண் பற்றி. "தூண் இருந்தால் பாதுகாப்பு" என்று சொன்னதில் ஒரு திருத்தம். தூண் எங்கே நிற்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். நிறைய பேஸ்மென்ட்களில் தூண் இடத்தின் முன்முனையிலோ பின்முனையிலோ இருக்கும். அப்படி இருந்தால் பம்பரைத்தான் காக்கும், கதவை அல்ல. கதவுகள் இருக்கிற நடுப்பகுதிக்கு நேராகத் தூண் நின்றால்தான் பக்கத்து வண்டியின் கதவு அதில் முட்டி நிற்கும். அது தெரிந்தவர்கள் தூண் பக்கம் நெருங்கவே மாட்டார்கள், அதனால் இடைவெளியும் தானாகக் கிடைக்கும்.

நிறைய கட்டிடங்களில் இரண்டு தூணுக்கு நடுவே மூன்று வண்டி நிற்கும். அதில் நடு இடம் யாருக்கு வந்தாலும் பாவம். வலது ஓரமா, இடது ஓரமா என்பதை முன்னால் சொன்ன ஸ்டியரிங் கணக்கை வைத்து முடிவு செய்யுங்கள்.

14 ஜூலை 2024

ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்களுக்கு மட்டும். வண்டிகள் சரிவுக்குக் குறுக்காக வரிசையில் நிற்கும் இடங்களில், சரிவின் கீழ்ப்பக்கம் திறக்கும் கதவு கையை விட்டதும் தன் எடையிலேயே போய் வீசும். மேல்பக்கம் திறக்கும் கதவைத் தள்ள வேண்டியிருக்கும், விட்டால் திரும்பி வந்துவிடும். ஆகவே வரிசையில் மேல்முனையில் நில்லுங்கள். பக்கத்து வண்டி உங்களுக்குக் கீழே இருக்கட்டும்.

25 ஆகஸ்ட் 2024, இரவு

ஆடி முடிந்து முகூர்த்தங்கள் தொடங்கிவிட்டன. இன்று ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்ததால் இதை எழுதுகிறேன். ஒடுக்கு விழ கல்யாண மண்டபத்தைவிடத் தோதான இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

மண்டபத்து வாட்ச்மேனுக்கு ஒரே வேலை, எத்தனை வண்டியை உள்ளே அடைக்க முடியுமோ அத்தனையையும் அடைப்பது. கோடு கிடையாது. "வா வா வா, லெப்டு ஒடி, இன்னும் வா" என்று விசில் அடித்துக்கொண்டே இரண்டு வண்டிக்கு நடுவே கை நுழையாத அளவுக்கு நெருக்கிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, வெளியே தெருவில் வரிசை நின்றால் அவரைத்தான் திட்டுவார்கள். அதற்குள் பட்டுப்புடவையோடு இரண்டு பேர், தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர், தாம்பூலப் பை, சீர்வரிசைத் தட்டு. எந்தக் கதவும் மெதுவாகத் திறக்க வழியே இல்லை. பிற்பாடு, "முன்னாடி இருக்கிற வண்டியை எடுக்கணும், சாவியைக் கொடுத்துட்டுப் போங்க சார்" என்பார்கள். பத்மினியின் ஸ்டியரிங் கியர் எல்லாருக்கும் வராது. சாவியை யாரிடமும் கொடுத்ததில்லை, கொடுக்கவும் மாட்டேன்.

ஆகவே மண்டபத்துக்குள் போகவே போகாதீர்கள். முதலில் வாசலில் வீட்டுக்காரர்களை இறக்கிவிடுங்கள். அப்புறம் இரண்டு தெரு தள்ளி, கேட் இல்லாத நீளமான மதில் சுவர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பள்ளிக்கூட மதில் நல்லது, கல்யாணங்கள் பெரும்பாலும் விடுமுறை நாளில்தானே வருகின்றன. ஞாயிறு என்றால் மூடிய வங்கிக் கிளைக்கு முன்னால் இடம் இருக்கும். தெருவில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும்போது கதவுக்குக் கதவு வருவதே இல்லை. நடந்து வர ஐந்து நிமிடம் கூடும். சாப்பிட்டபின் அந்த நடை நல்லதுதான்.

குப்பைத் தொட்டி, டீக்கடை, பஸ் நிறுத்தம், கேரம் போர்டு போட்ட திண்ணை இவற்றிலிருந்து தள்ளி நில்லுங்கள். தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடினால் அந்தத் தெருவே வேண்டாம்.

26 ஆகஸ்ட் 2024

"தெருவில் நிறுத்தினால் டூவீலர் கீறாதா?" நியாயமான கேள்வி, நேற்றே அதைச் சொல்லியிருக்க வேண்டும். சென்னையில் பழைய வண்டியின் உடம்பில் இருக்கும் காயங்களில் கார் கதவால் வந்தவை ஒரு பங்கு என்றால், டூவீலரால் வந்தவை அதற்குக் குறையாது. ஹேண்டில் பார் முனை, பிரேக் லீவர், பின்னால் உட்காருபவரின் ஃபுட்ரெஸ்ட், சைடு ஸ்டாண்டில் சரிந்து சாய்கிற முழு வண்டி. ஹேண்டில் பார் ஜன்னலுக்குக் கீழே நீளமாகக் கீறும். ஃபுட்ரெஸ்ட் கதவின் அடிப்பகுதியில் குழி போடும்.

காருக்கும் நடைபாதைக்கும் நடுவே ஒரு பைக் நுழையும் அளவுக்கு இடம் விட்டால் கட்டாயம் ஒரு பைக் நுழையும். நடைபாதையை நன்றாக ஒட்டி நிறுத்துங்கள். இடது கதவு நடைபாதையில் உரசுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், நம் பழைய வண்டிகளின் கதவு விளிம்பு தாழ்வாக இருக்கும். முன்னும் பின்னும் டூவீலர் வரிசை இருக்கிற இடத்தில் நிறுத்த வேண்டாம். பாண்டி பஜார், மயிலாப்பூர் மாட வீதிகள், பனகல் பார்க் பக்கம் எல்லாம் தெருவை நம்பாதீர்கள். அங்கே போக வேண்டியிருந்தால் வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு மெட்ரோவிலோ ஆட்டோவிலோ போவேன்.

7 செப்டம்பர் 2024

மரத்தடி பற்றிப் பேச்சு வந்ததால். நிழலுக்கு ஆசைப்படாதவர் யார், பெயின்டுக்கும் வெயில் ஆகாது. ஆனால் தென்னை மரத்தடியில் நிறுத்துவதை நினைத்தே பார்க்காதீர்கள். தேங்காய் விழுந்த கூரை ஒடுக்கு டிங்கரிங்குக்குக் கூட எளிதில் அடங்காது. ஆல், அரசு, அத்தி என்றால் பழக் காலத்தில் பறவையும் வௌவாலும் வரும். எச்சத்தைக் காய விட்டால் பெயின்டில் தழும்பு விழும். அதைச் சுரண்டாதீர்கள், ஈரத்துணியைக் கொஞ்ச நேரம் போட்டு ஊறவைத்து எடுங்கள். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் நகரம் முழுக்க மரங்கள் சாய்ந்து எத்தனை வண்டிகள் அடியில் நசுங்கின என்பது சென்னைக்காரர்களுக்கு மறந்திருக்காது. காற்று எச்சரிக்கை வந்தால் மரத்தடியை விட்டு வெளியேறிவிட வேண்டும்.

மொட்டைமாடி பார்க்கிங்கை ஒருவர் பரிந்துரைத்திருக்கிறார். ஒடுக்குக்கு அது நல்ல இடம்தான், மேலே ஏறி வர நிறைய பேருக்குச் சலிப்பு. சாயங்காலத்துக்குப் பின் என்றால் எனக்கும் சம்மதம். சித்திரை, வைகாசிப் பகலில் வேண்டாம். பழைய ரப்பர் பீடிங்கெல்லாம் காய்ந்து வெடித்துவிடும், பத்மினிக்கு நல்ல ரப்பர் தேடி புதுப்பேட்டையில் அலைகிற கஷ்டம் எனக்குத் தெரியும்.

8 செப்டம்பர் 2024

கவர் போட்டால் ஒடுக்கு விழாதா என்றால், விழும். துணி கதவைத் தடுக்காது. அடியில் தூசியோடு கவர் போட்டால் காற்றில் அது உராய்ந்து மெல்லிய கீறல்கள் வரும். கழுவித் துடைத்தபின் மட்டும் போடுங்கள், வெளியிடத்தில் போடாதீர்கள்.

சைடு பீடிங், அதாவது கதவுகளின் வெளிப்பக்கம் நீளமாக ஒட்டும் பட்டை, நல்ல விஷயம். ஒரு காலத்தில் கார் வாங்கியதும் முதல் வேலையாக அதைத்தான் ஒட்டுவார்கள். இப்போதைய வண்டிகளில் அழகுக்காக எடுத்துவிட்டார்கள். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் கிடைக்கும். ஆனால் ஒட்டும் உயரம் முக்கியம். வண்டியின் உடம்பு எங்கே மிக வெளியே தள்ளியிருக்கிறதோ அந்த உயரத்தில் இருந்தால்தான் பயன். உயரமான எஸ்.யூ.வி.யின் கதவு அதற்கு மேலே வந்து அடிக்கும் என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள். காந்தப் பட்டை வைக்கலாம் என்று எழுதியவருக்கு: நம் வண்டிகள் இரும்புத் தகடு, ஒட்டும். வைக்கும் இடத்தை ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் தூசியே அரம் போல ராவிவிடும்.

22 செப்டம்பர் 2024

கேள்வி கேட்டவர் அந்தச் சொட்டையை என்ன செய்வது என்று தனியாகக் கேட்டிருந்தார். இங்கேயே எழுதுகிறேன்.

பெயின்ட் போடாமல் ஒடுக்கு எடுக்கும் முறை இருக்கிறது. கதவின் உள்பக்கமாகக் கம்பியை விட்டுத் தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுவார்கள். உள்ளே போக வழியில்லாத இடத்தில் வெளியே பசை வைத்து இழுப்பார்கள். பெயின்ட் வெடிக்காமல் இருந்தால்தான் இது பலிக்கும். கதவின் விளிம்பிலும், மடிப்புக் கோட்டிலும், உள்ளே இரட்டைத் தகடு இருக்கும் இடத்திலும் கடினம்.

மறுபடி பெயின்ட் செய்த பழைய வண்டிக்கு இன்னொரு சிக்கல், பெயின்டுக்கு அடியில் பட்டி (பள்ளத்தை நிரப்பிச் சமப்படுத்தப் பூசும் பசை) இருக்கும். பட்டி வளையாது. தகட்டைத் தள்ளும்போது அது வெடித்துப் பெயின்டோடு பெயர்ந்துவிடும். உங்கள் கதவில் பட்டி எவ்வளவு இருக்கிறது என்று டிங்கரிங் பார்த்தவரிடம் முதலில் கேளுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்வாகப் பார்த்து, சொட்டையைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். சென்னைக் காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்து அந்த வெடிப்பு வழியாக உள்ளே போனால், மேலே ஒன்றும் தெரியாமல் அடியில் துரு பிடிக்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம். பெயின்ட் கொப்புளமாக எழும்பும்போதுதான் தெரியும், அதற்குள் தகடு போயிருக்கும். எனக்கு ஒடுக்கின் மேல் இவ்வளவு பயம் இருப்பதற்கு இதுதான் காரணம். அழகு குறைந்ததைச் சரிசெய்துவிடலாம், பழைய தகட்டை எங்கே போய் வாங்குவது?

இன்சூரன்ஸில் கேட்கலாமா என்றால், முழுக் காப்பீடு இருந்தாலும் யோசியுங்கள். 1,500 சி.சி.க்குள் உள்ள காருக்கு ஒவ்வொரு கிளெய்மிலும் 1,000 ரூபாய் நம் கையிலிருந்து கட்டாயமாகப் போகும். கிளெய்ம் இல்லாத வருடங்களுக்கான தள்ளுபடி 20 சதவீதத்தில் தொடங்கி 25, 35, 45 என்று ஏறி 50 வரை போகும். ஒரு சொட்டைக்காகக் கிளெய்ம் செய்தால் அது மறுபடி பூஜ்யத்தில் வந்து நிற்கும். நம்மில் பலர் வைத்திருப்பது மூன்றாம் நபர் காப்பீடு மட்டும்தான், அதில் நம் கதவுக்கு ஒன்றும் கிடைக்காது.

5 அக்டோபர் 2024

தீபாவளிக் கூட்டம் தொடங்குவதற்கு முன் இயந்திரப் பார்க்கிங் பற்றி ஒரு வார்த்தை. இதில் இரண்டு வகை உண்டு, ஒன்று என்று நினைக்காதீர்கள். வாசலிலேயே வண்டியை விட்டு எல்லோரும் இறங்கிவிட, வண்டி மட்டும் தட்டில் ஏறி உள்ளே போகும் வகை ஒன்று. அங்கே பக்கத்தில் யாரும் கதவைத் திறப்பதே இல்லை. ஒடுக்கு என்று மட்டும் பார்த்தால் அதைவிட நல்ல இடம் நகரத்துக்குள் கிடைக்காது. ஏரியலை மடக்குங்கள், ஹேண்ட் பிரேக் நன்றாகப் பிடிக்கிறதா என்று பாருங்கள்.

மற்றது, நாமே ஓட்டிப்போய்த் தட்டின் மேல் நிறுத்தி அங்கேயே இறங்குவது. இரண்டு பக்கமும் இரும்புத் தூண். பக்கத்துக் கதவுக்குப் பயப்பட வேண்டாம், நம் கதவைத்தான் அந்தத் தூணில் இடித்துக்கொள்வோம். கூட வருகிறவர்களை முன்னாலேயே இறக்கிவிட்டு, கதவு விளிம்பைக் கையால் பிடித்துக்கொண்டு இறங்குங்கள்.

விமான நிலையம், சூப்பர் மார்க்கெட் என்றால் டிராலி. டிராலிகளைத் திரும்ப விடும் இடத்துக்கும் லிஃப்டுக்கும் பக்கத்தில் நிற்காதீர்கள். தரை கொஞ்சம் சரிந்திருந்தாலும் டிராலி தானாக உருண்டு வரும்.

11 அக்டோபர் 2024, ஆயுத பூஜை

இன்று ஒடுக்கு பயம் இல்லை, வண்டி வீட்டிலேயே இருக்கிறது. கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்தாயிற்று. சந்தனத்தைப் பெயின்டில் வைக்காமல் கண்ணாடியிலும் நம்பர் பிளேட்டிலும் வையுங்கள், குங்குமச் சாயம் வெளிர் நிறப் பெயின்டில் இறங்கிவிடும். வாழைக்கன்றைக் கட்டும் சணல் கயிறு பம்பர் குரோமை உரசாமல் அடியில் துணி கொடுங்கள்.

15 அக்டோபர் 2024, மதியம்

மழை. வேளச்சேரி மேம்பாலத்தில் நேற்றிலிருந்தே வரிசையாகக் கார்கள் ஏற்றி நிறுத்தியிருக்கிறார்கள், போன டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது போலவே. அபராதம் போடவில்லை என்று போலீஸும் விளக்கம் சொல்லியிருக்கிறது. 2015 டிசம்பரில் பேஸ்மென்ட்டில் வண்டி மூழ்கியவர்களுக்கு இது ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த வாரம் ஒடுக்கு, சுவர், தூண், ஸ்டியரிங் கணக்கு எதையும் பார்க்காதீர்கள். பேஸ்மென்ட்டில் இருந்தால் இப்போதே வெளியே எடுங்கள். சைலன்ஸர் வரை தண்ணீர் வந்தபின் எடுப்பது கஷ்டம். மேம்பாலத்தில் கைப்பிடிச் சுவரை ஒட்டி, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நிற்கிறார்கள், கதவுக்குக் கதவு வராது. ஆம்புலன்ஸும் பஸ்ஸும் போக வழிவிட்டு நிறுத்துங்கள்.

17 நவம்பர் 2024

கேள்வி கேட்டவர் வீட்டுத் தரைத்தளத்தின் படம் அனுப்பியிருந்தார். இரண்டு தூணுக்கு நடுவே மூன்று வண்டி, இவருடையது நடுவில். ஒரு பக்கம் பெரிய எஸ்.யூ.வி., மறுபக்கம் பள்ளிக்குப் பிள்ளைகளைக் கூட்டிச்செல்லும் ஹேட்ச்பேக்.

சங்கத்தில் மனு கொடுப்பதற்கு முன், தூண் பக்கத்தில் நிற்கும் எஸ்.யூ.வி.காரரிடம் நேராகப் பேசுங்கள். அவருக்கும் தூண் பக்கம் நிறுத்துவது தினமும் தலைவலிதான், கதவு முழுக்கத் திறக்காது. உங்களுக்கோ அந்த இடம்தான் வேண்டும். பத்திரத்தில் இட எண் எழுதியிருந்தால் அது அப்படியே இருக்கட்டும், பயன்பாட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். சங்கச் செயலாளருக்கும் ஒரு வார்த்தை தெரிவித்துவிடுங்கள், பின்னால் வீடு கைமாறினால் குழப்பம் வராது. மாற்றிக்கொண்டால் பள்ளிப் பிள்ளைகள் வண்டியும் உங்களுக்கு ஒரு இடம் தள்ளிப் போய்விடும். உங்களுக்கும் அதற்கும் நடுவே எஸ்.யூ.வி. நிற்கும்.

மாற்றியபின் தூணில் ரப்பர் அட்டையோ பழைய ஃபோம் மெத்தைத் துண்டோ கட்டுங்கள். தரையிலிருந்து அளந்து, உங்கள் கதவு விளிம்பு திறந்த நிலையில் எந்த உயரத்தில் வருகிறதோ அதற்கு ஒரு சாண் மேலும் கீழும் வருகிற மாதிரி. முட்டி உயரத்தில் மட்டும் கட்டி விட்டுவிடுகிறார்கள் நிறைய பேர், அது பம்பருக்குத்தான் ஆகும்.